அம்மாக்கண்ணுவின் காப்பு

சாயங்காலம் ஐந்தரை மணி. ஆனி மாதத்து மழை. மஸ்கெலியாவிலிருந்து ஊசிப்பாறைத் தோட்டத்துக்கு ஏறுகிற ரோடு...

நாலு மைல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு கம்பி வாள், ஒரு கத்தரி, ஒரு அரம்.

ரொட்டிக் கடை அழகுமுத்துவை உங்களுக்குத் தெரியும். அவர் சம்சாரத்தின் சித்தப்பாதான் அந்த ஆள். பெயர் இராமையா பத்தர். மஸ்கெலியா கடைவீதியில் பழைய நகை வாங்கிச் சரிசெய்து, பெரிதைச் சிறிதாக்கி, சிறிதைப் பெரிதாக்கிக் கொடுக்கிற பத்தர். நல்ல வேலைக்காரர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்க மாட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு குணம் போதும், ஒரு மனிதனைக் குழிக்குள் தள்ள.

நான் சொல்வது ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கதை.

ஊசிப்பாறையின் பெரிய கங்காணி ஆண்டியப்பன் ஆள் அனுப்பியிருந்தார். "அம்மாக்கண்ணு போயிட்டா. கையில கெடக்குற காப்பு கழல மாட்டேங்குது. பத்தரை வந்து வெட்டி எடுக்கச் சொல்லு." அம்மாக்கண்ணு என்பது கங்காணியின் பெண்சாதி. நல்ல கனத்த உடம்பு. ஆறு நாளாகக் காய்ச்சல் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஆறு நாளும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக கங்காணிக்கு லொறி கிடைக்கவில்லை என்பதும் தெரியும். அதே ஆறு நாளில் ராகலைக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வர மட்டும் லொறி கிடைத்தது என்பது... சரி, அது பிறகு.

கடைசி முடக்கில் டார்ச் வெளிச்சம். கங்காணியே குடை பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார். செத்த வீட்டுக்காரன் ரோட்டுக்கு வந்து பத்தரை வரவேற்பதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்தருக்கும் அது சரியாகப் படவில்லை. கேட்கவில்லை.

வீட்டில் ஒப்பாரி இல்லை. வாசலில் தீ மூட்டவில்லை. தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஒருத்தி கூட இல்லை. உள்ளே ஒரு குப்பி விளக்கு. பாயில் அம்மாக்கண்ணு. கழுத்து வரைக்கும் கறுப்புக் கம்பளி. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மழைக்குப் போர்த்துவார்களே, அந்தக் கம்பளி. ஈரம். நாற்றம் மூக்கில் ஏறியது.

"யாருக்கும் சொல்லலையா கங்காணி?" என்றார் பத்தர்.

"சொன்னா அவ தங்கச்சிமாரு வந்து விழுவாளுக. காப்பு மேலதான் அவளுக கண்ணு. நீங்க மொதல்ல வேலைய முடிங்க."

பத்தர் அம்மாக்கண்ணுவின் நெற்றியைப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். செத்தவர்கள் உடம்பிலிருந்து நகை எடுக்கப் பத்தரை அழைப்பது உண்டு. மண்ணோடு தங்கம் போகக் கூடாது என்பது நம்மவர்கள் கணக்கு. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டுப் பெண்கள் நெற்றியில் ஒரு காசை ஒட்டவைத்த பிறகுதான் பத்தர் கை வைப்பார். காசு வைத்தாயிற்று என்றால், பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, மூக்கில் விரல் வைத்து, போய்விட்டது என்று முடிவு பண்ணியாயிற்று என்று அர்த்தம். காசு இல்லையென்றால் பத்தர் பையையே திறக்கக் கூடாது. அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். இவரும் அதுவரை அப்படித்தான் செய்தார்.

"நெத்திக் காசு..."

"அதெல்லாம் பொறகு பொம்பளைங்க வந்து வைப்பாங்க. இருட்டுது பத்தரே."

பத்தர் உட்கார்ந்தார். வலது கையைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்தார். வீங்கியிருந்தது. காப்பு சதைக்குள் புதைந்து கிடந்தது. இந்தியாவிலிருந்து அவள் அம்மா போட்டுக்கொண்டு வந்த பழைய காப்பு. ஒன்றரைப் பவுன். அவர் காப்புக்கும் சதைக்கும் நடுவில் ஒரு தகட்டைச் செருகினார். வாளை வைத்தார். இழுத்தார்.

கை சூடாக இருந்தது.

இழுத்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு துடிப்பு... இன்னொரு துடிப்பு. நம்முடைய கட்டைவிரலில்கூட நாடி ஓடும், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இழுத்தார். பாதி வெட்டியபோது, கம்பளிக்கு மேலே உதடு அசைந்தது.

"வேணாண்ணே... அது எங்கம்மா போட்டது..."

பத்தர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி கூரையைப் பார்த்தார். "காத்துச் சத்தம் பத்தரே. வெட்டுங்க. சின்னதாக்குறப்ப வெட்டுற துண்டு ஒங்களுக்குத்தான்."

கேட்டுக்கொள்ளுங்கள். பத்தர் வாளைக் கீழே வைத்திருக்கலாம். எழுந்து வெளியே போய் 'உசுரு இருக்கு' என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். லயம் இருபது அடி தூரம். அவர் வெட்டி முடித்தார். அந்த விரல்கள் மெதுவாக மடங்கி அவர் சுண்டுவிரலைப் பிடித்தன. ஒன்றொன்றாகப் பிரித்து எடுத்தார். காப்பைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நாலு மைல் இறங்கினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தவர்கள் செய்தி சொன்னார்கள். "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கங்காணி வீட்டம்மா போயிட்டாங்களாம்."

ரெண்டு மணிக்கு. பத்தர் வெட்டியது ஆறரைக்கு.

அவர் பெண்சாதி நாகலெட்சுமி, "ஏங்க, செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்து குளிக்காமலே படுத்தீங்களே, அது எந்த ஊரு வழக்கம்?" என்று கேட்டாள். செத்த வீட்டுக்குத்தான் அவர் போகவில்லையே.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. கங்காணிக்கு அவசரம். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. ஆனி முடிவதற்குள் ராகலைப் பெண் பூரணியைக் கட்டியாக வேண்டும். அவருக்கு நாற்பத்தெட்டு, அவளுக்குப் பத்தொன்பது. கங்காணி பத்தரின் கடையில் வந்து ஒரு கறுப்பு நூலை வைத்தார். பூரணியின் மணிக்கட்டு அளவு. அம்மாக்கண்ணுவின் காப்பை அதற்குச் சரியாகச் சிறிதாக்க வேண்டும்.

"உருக்கிப் புதுசா அடிச்சுருவோமே கங்காணி. எறந்தவங்க பொருளை ஒரு தரம் தண்ணியாக்கணும். அதுதான் முறை."

"உருக்குனா சேதாரம்னு ஒண்ணைச் சொல்லுவீங்க. வெட்டி ஒட்டுங்க. நாலு நாள்ல கல்யாணம்."

பத்தர் வெட்டினார். ஐந்து குன்றிமணி எடைக்கு ஒரு துண்டு. வாள் தங்கத்தில் இறங்கியபோது, பக்கத்தில் யாரோ சுருக்கென்று மூச்சை இழுத்த மாதிரி... ஸ்ஸ்ஸ். திரும்பினார். யாரும் இல்லை. வெங்காரம் வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினார். தங்கம் சிவந்தது. தங்கம் சிவக்கும்போது வாசனை வராது, தெரியும்தானே? வந்தது. ஈரக் கம்பளி தீய்கிற நாற்றம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புடவைக் கடை வைத்திருந்த மஃறூப் நானா கூட, "என்னா பத்தரே, கம்பளியையா உருக்குறீங்க?" என்று சிரித்தார். சுவரில் ஒரு விரல் அகல இடுக்கு. பாதிக் கதை எனக்குக் கிடைத்தது அந்த இடுக்கு வழியாகத்தான்.

வெட்டின துண்டைப் பத்தர் ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டார். சொன்னபடி அது அவருக்கு.

கல்யாணம் நடந்தது. காப்பு பூரணியின் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆடிப் பதினெட்டு. பெண்கள் தாலிக் கயிறு மாற்றுகிற நாள். நாகலெட்சுமி பழைய கயிற்றிலிருந்து தாலியை எடுத்துக் கையில் வைத்தவள், அப்படியே நின்றாள். பிறகு கடைக்குள் வந்த வேகம் இருக்கிறதே, மஃறூப் நானா துணி அளந்துகொண்டிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டார்.

"ஊரார் நகையில சுரண்டுனது போதாதுன்னு எங் கழுத்திலேயே அரம் போட்டீங்களா? நான் தூங்குறப்ப போட்டீங்களா, முழிச்சிருக்கிறப்பவே போட்டீங்களா?"

"என்னாடி உளர்ற?"

"புடிச்சுப் பாருங்க. பூசணி விதை மாரி இருந்தது, பூசணித் தோல் மாரி இருக்கு!"

பத்தர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தத் தாலியை அடித்தவர் அவரேதான். பதினைந்து குன்றிமணி. சின்னத் தராசில் வைத்தார். பத்துதான் நின்றது. மறுபடி வைத்தார். பத்து. சிரிப்பு நின்றது. சோப்புத் தேய்மானம், மஞ்சள் தேய்ப்பு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். நாகலெட்சுமி மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. பத்தருக்கு அது ஒரு வகையில் ஓய்வு என்று நானா சொன்னது வேறு விஷயம்.

நாலாம் நாள், கங்காணி பூரணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பு தொளதொளவென்று தொங்கியது.

"என்ன அளவு பாத்தீங்க பத்தரே? ரெண்டு தரம் குளிச்சா கழண்டு பீலித் தண்ணியோட போயிரும்."

பூரணி மெல்லிய குரலில், "கல்யாணத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு பத்தரய்யா. பொறகு தெனம் கொஞ்சம்... தூங்கி எந்திரிச்சா முழங்கைக்கு ஏறிக் கெடக்குது. யாரோ போட்டுப் பாத்துட்டு திருப்பி மாட்டுன மாரி" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் கங்காணி.

பத்தர் காப்பை எடை போட்டார். ஒன்றரைப் பவுன். முழுசாக. ஐந்து குன்றிமணி வெட்டி எடுத்த காப்பு, வெட்டுவதற்கு முன்னால் இருந்த எடைக்கு வந்து நிற்கிறது. பற்றவைத்த தழும்பைத் தேடினார். தழும்பு இல்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஓடியிருப்பீர்கள். இராமையா பத்தருக்கு வந்தது ஆசை. வெட்ட வெட்ட வளர்கிற தங்கம்! உலகத்தில் எந்தப் பத்தருக்குக் கிடைக்கும்? கங்காணிக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "அளவு கொஞ்சம் பிசகிருச்சு, இப்பவே செஞ்சு தாறேன்" என்றார். வாளை வைத்தார். ஸ்ஸ்ஸ்... என்றது. கம்பளி நாற்றம் வந்தது. ஐந்து குன்றிமணித் துண்டு பலகையில் விழுந்தது.

அது விழுந்த அதே நேரம், அடுப்படியில் பித்தளைச் சட்டி விழுந்த சத்தம். கங்காணி காப்பை வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் நாகலெட்சுமி வெளியே வரவில்லை. போனதும் வந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கயிற்றில் தாலி மீன் செதில் மாதிரி ஆடியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும் போல.

பத்தர் எடுத்து எடை வைத்தார். ஐந்து.

தராசின் இன்னொரு தட்டில் இப்போது வெட்டின துண்டை வைத்தார். இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் நின்றன. ஆடவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தக் காப்புக்கு வளர்கிற வரம் ஒன்றும் கிடையாது. அம்மாக்கண்ணு தன் கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கிற இடம் நாகலெட்சுமியின் கழுத்து. இன்னும் ஒரு வெட்டு. ஐந்து குன்றிமணி. தாலி தானாகக் காணாமல் போனால் அதற்கு அர்த்தம் என்னவென்று பத்தருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் நாகலெட்சுமி.

முதல் தடவையாக இராமையா பத்தர் வாயைத் திறந்தார். ஒன்று விடாமல் சொன்னார். காசு இல்லாத நெற்றி. சூடான கை. "வேணாண்ணே" என்றது. சுண்டுவிரலைப் பிடித்தது. சொல்லி முடித்தபோது அவர் தலை தராசுப் பலகையில் கிடந்தது.

நாகலெட்சுமி கீழே உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணேன்னு கூப்பிட்டாளா?" என்றாள்.

"ஆமா."

"அண்ணேன்னு கூப்பிட்ட பொறகுமா வெட்டுனீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் மஃறூப் நானா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகக்கூட எழும்பவில்லை என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. ஒரு சாயங்காலம், நாலு மணி. மழை பெய்து, கடைவீதி முழுக்க ஒரே பனி. கங்காணி வந்துவிட்டார். பின்னால் பூரணி. காப்பு மறுபடி தொங்கியது. இந்தத் தடவை கையிலிருந்து நழுவி விழுந்துவிடாமல் இருக்க அவள் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் புதுத் தாலி. ஒரு பவுன். கங்காணி போட்டது.

பத்தர் காப்பைத் தொடவே இல்லை.

"என்னால முடியாது கங்காணி. கை நடுங்குது. தலவாக்கொல்லையில நல்ல பத்தர் இருக்காரு. கொண்டுபோங்க."

"அன்னிக்கு நடுங்கலையே?"

பத்தர் வாளைத் துணியில் சுற்றி வைத்தார்.

கங்காணி குனிந்து, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் இடுக்குக்குப் போதும். "அவ செத்துட்டான்னுதான் நான் நெனச்சேன். கையப் புடிச்சுப் பாத்தவரு நீங்க. உசுரோட இருந்தவ கைய அறுத்தது இந்தப் பத்தர்தான்னு நாளைக்குக் காலையில ஆளுக எல்லாம் கூடுற பெரட்டுக்களத்துல நான் ஒரு வார்த்தை சொன்னா, அவ தங்கச்சிமாரு ஒங்களத் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால வெட்டுவாளுக. வெட்டுங்க இத."

வெட்டினால் தாலி போகும். வெட்டாவிட்டால் உயிர் போகும். இரண்டும் ஒன்றுதான் என்று பத்தருக்குத் தோன்றியது. வாளை எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

அப்போது உள்ளேயிருந்து நாகலெட்சுமி, "கொஞ்சம் இருங்க கங்காணி. தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள்.

எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரம். திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தபோது கையில் இரண்டு கோப்பை. கழுத்தில் புதிதாக மஞ்சள் பூசிய கயிறு. கயிற்றில் தொங்கியது ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. தாலியை அடகு வைத்த ஏழைப் பெண்கள் கட்டிக்கொள்வார்களே, அது. அவளுடைய தாலி, அந்த மீன் செதில், தராசுத் தட்டில் வந்து உட்கார்ந்தது. அவளே வைத்தாள். புருஷன் உயிரோடு உட்கார்ந்திருக்க, தன் கையால் கழற்றி வைத்தாள். அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்று நானா சொல்வார்.

"இப்ப வெட்டுங்க" என்றாள்.

"நாகு..."

"கங்காணி ஆசப்படுறாருல்ல? வெட்டிக் குடுங்க."

பத்தர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பூரணியின் கழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கங்காணியிடம் நீட்டினாள்.

வாள் இறங்கியது.

ஸ்ஸ்ஸ்... இந்தத் தடவை அது பக்கத்தில் இல்லை. கடைக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஈரக் கம்பளி நாற்றத்தில் பூரணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். துண்டு விழுந்தது. டிங்.

பத்தர் தட்டைப் பார்த்தார். செதில் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"மாமா..." என்று கங்காணியைக் கூப்பிட்டாள் பூரணி.

அவள் கை கழுத்தில் இருந்தது. கயிறு இருந்தது. முடிச்சு இருந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை, அவிழ்ந்திருக்கவில்லை. தாலி இல்லை. ஐந்து குன்றிமணியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைப்பது எல்லாம் கிடையாது. முழு ஒரு பவுனும் ஒரே இழுப்பில். கங்காணியிடம் தவணை வைக்க அம்மாக்கண்ணுவுக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

கங்காணிக்கு விளங்கவில்லை. விளங்கினவர்கள் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். "திருட்டுப் பயலே! பேச்சுக் குடுத்துக்கிட்டே உருவிட்டியா?" என்று பத்தரின் சட்டையைப் பிடித்தார். பலகையைப் புரட்டினார். கரிச் சட்டியைக் கவிழ்த்தார். நாகலெட்சுமியின் முந்தானையை உதறச் சொன்னார். அவள் உதறிக் காட்டினாள்.

"இருங்க, பொலிசைக் கூட்டியாறேன்" என்று மழைக்குள் இறங்கினார். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

பொலிஸ் நிலையம் கடைவீதிக்குக் கீழே, இருநூறு அடி. அங்கே அவர் போகவில்லை. ஏழு மணி வரைக்கும் பூரணி கடை வாசலில் நின்றாள். பிறகு நாகலெட்சுமி அவளை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

விடிந்ததும் பெரட்டுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். மேலே, நாலு மைல் தள்ளி, ஊசிப்பாறை ரோட்டில், சுடலைக்குத் திரும்புகிற மதகின் மேல் கங்காணி உட்கார்ந்திருந்தார். குடை மடக்கிப் பக்கத்தில் இருந்தது. வலது கையை மடியில் மல்லாத்தி நீட்டி வைத்திருந்தார், அளவு எடுக்கக் கொடுத்த மாதிரி. உடம்பு எப்போதும் போல மெலிந்துதான் இருந்தது. அந்த மணிக்கட்டு மட்டும் வாழைத்தண்டு போல வீங்கி, நடுவில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சுற்றிலும். வளையமாக. சாவுக்குக் காரணம் நெஞ்சு வலி என்று எழுதினார்கள்.

பூரணி காப்பைத் திரும்பக் கேட்கவில்லை. ராகலைக்குப் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து அங்கேயே ஒரு கணக்கப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள் என்று கேள்வி. அந்தப் பெண்ணுக்கு அம்மாக்கண்ணு ஒரு கீறல்கூடப் போடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

பத்தரும் நாகலெட்சுமியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சுடலைக்குப் போனார்கள். காப்பு, டப்பாவில் இருந்த துண்டுகள், மீன் செதில் தாலி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து அம்மாக்கண்ணுவின் குழிமேட்டில் முழங்கை ஆழம் தோண்டி வைத்தார்கள். தலைமாட்டில் பத்தர் ஒரு காசை வைத்தார். அன்றைக்கு வைக்காமல் விட்ட காசு. விழுந்து கும்பிட்டார். எழும்ப வெகுநேரம் ஆயிற்று.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பத்தர் அதற்குப் பிறகும் கடை நடத்தினார். ஆனால் நாகலெட்சுமி கழுத்தில் தங்கம் ஏறவில்லை. தைப் பொங்கலுக்குப் பத்தர் ஒரு புதுத் தாலி அடித்துக் கொண்டுவந்தபோது, "அடுப்புல போட்டு உருக்குங்க, இப்பவே" என்றாள். வெள்ளிக்கு வெள்ளி ஒரு புது மஞ்சள் துண்டு. அவ்வளவுதான். நகைப் பத்தர் பெண்சாதி கழுத்தில் மஞ்சள் கிழங்கு என்று கடைவீதியே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் உண்டு.

மஃறூப் நானாவின் பெண்சாதி செரீபாவுக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. சுவருக்குப் பின்னால் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் காலை கொல்லைப் பக்கம் வந்து, "லெச்சுமி, அவளுக்குத்தான் எல்லாத்தையும் குடுத்திட்டீங்களே, இன்னும் ஏன் இந்தக் கெழங்கு?" என்று கேட்டாள்.

நாகலெட்சுமி உள்ளே போய் ஒரு ஜாம் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். வாரா வாரம் கழற்றின பழைய துண்டுகள். நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு தடம். மேலே நாலு, கீழே மூன்று. மனிதப் பல்.

"எலியா இருக்கும்..." என்றாள் செரீபா.

"கழுத்துலயா? ராவுல கதவு பூட்டுறேன். சன்னலுக்கு ஆணி அடிச்சிருக்கு." நாகலெட்சுமி துண்டுகளைத் திரும்ப டின்னுக்குள் அள்ளினாள். "தங்கமான்னு கடிச்சுப் பாக்குறா."

சொல்லிக்கொண்டே முந்தானையை விலக்கி, கழுத்தில் கிடந்த அன்றைய கிழங்கைத் திருப்பிக் காட்டினாள். தடம் புதிதாக இருந்தது. எச்சில் இன்னும் காயவில்லை.